காணிக்கைச் சேவலும் கண் மூடாத ஹெர்பர்ட்டும்

“மண்டபத்துல கால் வச்ச நாள்லேருந்து இன்னைக்கு வரைக்கும் ஜெபத்துல நான் கண்ணை மூடுனதில்ல. இனியும் மூட மாட்டேன். என்னையப் பெட்டியில வச்சு ஆணி அடிக்கிறப்பதான் இந்தக் கண்ணு மூடும். அதுவும் ஆணி அடிக்கிறவன் யாருன்னு பாத்துட்டுத்தான்!”

பந்தலூர் சாலையில் செல்லக்கண்ணுவின் டீக்கடையில், ஈரக் கம்பளி வாடையும் வடை வாடையும் கலந்து வீசிய ஒரு மழை நாளில், ஹெர்பர்ட் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டார். யாரும் கைதட்டவில்லை. செல்லக்கண்ணு மட்டும், “வடையைப் பாத்துச் சாப்புடுங்க எர்பட்டண்ணா. உள்ளுக்குள்ள ஆரு ஒளிஞ்சிருக்காங்களோ” என்றார். ஹெர்பர்ட் வடையைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றார். ஆகவே அவருடைய பிரகடனத்தை வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பெரிய மனிதர்களின் சரித்திரத்தைப் பிறப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். ஹெர்பர்ட்டுக்குப் பிறப்பிலேயே ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. இலங்கையில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பிறந்தபோது தோட்டத்துத் துரையின் பெயர் ஹெர்பர்ட். துரையின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் துரை ஏதாவது செய்வார் என்று தகப்பனார் நம்பினார். ஞானஸ்நானம் நடந்தது. துரையும் செய்தார்: அடுத்த கப்பலில் சீமைக்குப் போய்ச் சேர்ந்தார். பெயர் மட்டும் மிஞ்சியது. அதுவும் நீலகிரிக்கு வருவதற்குள் எர்பட்டு ஆகி, சிலர் வாயில் எருப்பட்டி வரைக்கும் போய்த் திரும்பியது.

இருந்தாலும், இலங்கையில் இருந்தவரை அவர் ஊரோடு ஒத்த அளவுக்குத்தான் சந்தேகப்பட்டார் என்று அவர் மனைவி மருதாம்பாள் சத்தியம் செய்வாள். பிறகு இரண்டு தேசத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களில் இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஹெர்பர்ட் இந்தியாவின் பங்கில் விழுந்தார். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் ‘தாயகம் திரும்புகிறவர்’ என்று அவரை அழைத்தார்கள். போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று அவர் கேட்ட கேள்விக்கு எந்தத் தேசத்திலிருந்தும் பதில் வரவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்த அன்றுதான் அது நடந்தது. வெள்ளை ஜிப்பாவும் கக்கத்தில் கறுப்பு அட்டைப் புத்தகமுமாக ஒருவர் எதிரே வந்தார். எங்கிருந்து வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

“கடல் தாண்டிப் பத்திரமா வந்திருக்கீங்க சகோதரரே. ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வேணாமா? கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்” என்றார்.

நியாயமான பேச்சு. ஹெர்பர்ட் மூடினார். மருதாம்பாளும் மூடினாள். ஜெபம் நல்ல ஜெபம். கேட்டவர் கண்ணில் நீர் வரவழைக்கும் ஜெபம். நடுவில் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகப் போனதை ஹெர்பர்ட் பக்தியின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். வெகுநேரம் ஆகியும் ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜிப்பாவும் இல்லை, டிரங்குப் பெட்டியும் இல்லை. பெட்டிக்குள் மருதாம்பாளின் தையல் மிஷின் தலை இருந்தது. அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு குரல் நடுங்காமல் ஜெபித்தானே என்று, ஆத்திரம் அடங்கிய பிறகு ஹெர்பர்ட்டே வியந்ததுண்டு.

மருதாம்பாள் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உசுரோட வந்து சேந்தோம்ல. அதுக்காவது ஸ்தோத்திரம்” என்றாள்.

“அவன் ஆமென் சொல்லாமப் போயிட்டான்டி. அந்த ஜெபம் இன்னும் முடியல. முடியாத ஜெபத்துக்கு எங்க ஸ்தோத்திரம்?” என்றார் ஹெர்பர்ட்.

அத்தோடு ஸ்தோத்திரத்தையும் கண் மூடுவதையும் அவர் நிறுத்தினார். இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

பந்தலூருக்கு அந்தப் பக்கம், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகக் காட்டைத் திருத்திப் புதிதாகத் தேயிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் எஸ்டேட்டில் இருவருக்கும் வேலை கிடைத்தது. மருதாம்பாள் களை வெட்டப் போனாள். ஹெர்பர்ட்டை நாற்றுப் பண்ணைக்குக் காவல் போட்டார்கள். இதைவிடப் பொருத்தமான வேலையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர் மானைச் சந்தேகப்பட்டார், பன்றியைச் சந்தேகப்பட்டார், மேற்பார்வைக்கு வருகிற சூப்பர்வைசர் நல்லசாமியைச் சந்தேகப்பட்டார். சில சமயம் நாற்றுகளையே சந்தேகத்தோடு பார்ப்பார். ஒரு மழையில் இவ்வளவு வளர வேண்டிய அவசியம் என்ன என்பது அவர் கேள்வி. லயம் என்றும் லைன் என்றும் சொல்லும் வரிசை வீடுகளில் அவர் வீட்டுக்கு மட்டும் இரண்டு பூட்டு. ஒரு பூட்டு திருடனுக்கு, இன்னொன்று அந்தப் பூட்டை விற்ற கடைக்காரனுக்கு.

கோயிலுக்குப் போவதை மட்டும் அவர் விடவில்லை. போகாதவனைப் பற்றித்தான் கோயிலில் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு. மாதம் ஒருமுறை கூடலூரிலிருந்து போதகர் வருவார், மற்ற வாரங்களில் உபதேசியார் பவுல்ராஜ்தான். ஹெர்பர்ட்டின் இடம் கடைசிப் பெஞ்சு, கதவோரம். செருப்பு துணிப்பைக்குள், பை மடியில், குடை முழங்கால்களுக்கு நடுவில். எல்லோரும் கண்ணை மூடிய பிறகு அவருடைய ஆராதனை தொடங்கும். யார் கொட்டாவி விட்டார், யார் முதுகைச் சொறிந்தார், ஆர்மோனியக்காரர் எப்போது மூக்குப்பொடி போட்டார் என்பதையெல்லாம் பிறகு டீக்கடையில் எடுத்துரைப்பார். யாராலும் மறுக்க முடியாது. மறுத்தால் தானும் கண்ணைத் திறந்திருந்ததாக ஆகிவிடும்.

உபதேசியார் பவுல்ராஜ் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மனிதர்களைத் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. ஆராதனையில் ‘சாட்சி நேரம்’ என்று ஒன்று வரும். ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வதற்குப் பெயர் சாட்சி.

“ஏனுங்க எர்பட்டண்ணா, நீங்களும் ஒருநா சாட்சி சொல்லோணுங்க” என்று அவர் கேட்காத மாதமில்லை.

ஹெர்பர்ட்டுக்குச் சாட்சி என்றால் கோர்ட்டும் போலீசும்தான். சிலோனில் ஒரு மாமன், ஏதோ அடிதடியில் பார்த்ததைப் பார்த்தபடி சாட்சி சொல்லப் போய், அடித்தவனையும் அடிபட்டவனையும் விட அதிக நாள் கோர்ட்டுக் கச்சேரிக்கு நடந்திருந்தார்.

“எங்க பரம்பரையில யாரும் சாட்சி சொல்றதில்லீங்க” என்று ஹெர்பர்ட் ஒதுங்கிக்கொள்வார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் அம்சவேணி வந்து சேர்ந்தாள். அவளும் கப்பலில் வந்தவள்தான். புருஷன் திருச்சிப் பக்கத்து முகாமிலேயே காய்ச்சலில் போய்விட, கைக்குழந்தையோடு அடுத்த வீட்டுக்குக் குடிவந்தாள். அவளுக்கு இன்னும் நிரந்தர வேலை ஆகவில்லை; காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் சூப்பர்வைசர் வா என்றால் வேலை, வேண்டாம் என்றால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. முகாமில் ஜெபிக்க வந்தவர்கள் புருஷனைப் புதைக்கவும் கூட நின்றார்களாம், அதனால் கோயிலுக்கு வரத் தொடங்கியிருந்தாள். ஹெர்பர்ட் இந்தக் காரணத்தைக் குறித்து வைத்துக்கொண்டார்; நம்பவில்லை.

அந்த மழைக்காலத்தில் மருதாம்பாள் குளிர்காய்ச்சலில் படுத்தாள். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு குடம் தண்ணீர். குழாயடி மேட்டுக்குக் கீழே, ஏறுவது லேசல்ல. குடத்துக்குப் பின்னால் அம்சவேணி நின்றாள், இடுப்பில் குழந்தை.

“என்னாத்துக்குக் கொண்டாந்த?” என்றார் ஹெர்பர்ட்.

“சும்மாதாண்ணே.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். அக்காவுக்கு முடியலைல்ல.”

தமிழில் உள்ள எல்லாச் சொற்களிலும் ஹெர்பர்ட் அதிகம் பயந்தது இந்தச் சொல்லுக்குத்தான். மண்டபத்து ஜிப்பாக்காரனும் சும்மாதான் ஜெபிக்க வந்தான். முதல் செம்புத் தண்ணீரை அவர் வேலியோரத்துச் செடிக்கு ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். செடி வாடவில்லை. நாலு நாளில் மொட்டு விட்டது. அதையும் அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை.

குடம் தினமும் வந்தது. ஹெர்பர்ட் தினமும் காரணத்தைத் தேடினார்.

இந்த நிலையில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் ஒரு பங்கை நன்றியாகக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள்; ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். மேசையைச் சுற்றி மரவள்ளி, இஞ்சி, குறுமிளகு, வாழைத்தார், பூசணி எல்லாம் குவிந்துவிட்டன. சூப்பர்வைசர் நல்லசாமி சபையைச் சேர்ந்தவரல்ல. ஆனால் மகளின் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் ஒரு சேவல் தருவதாக நேர்ந்திருந்தார். எந்தச் சாமியானாலும் நேர்ந்ததைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. சேவல் சிவப்புச் சேவல், எஸ்டேட் முழுவதும் பெயர் பெற்றது. சணல் கயிற்றால் மேசைக் காலில் கட்டப்பட்டு, வந்தவர்களை எல்லாம் மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லசாமிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

“எல்லாரும் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி செலுத்துவோமுங்க” என்றார் பவுல்ராஜ். பண்டிகை ஜெபம் என்பதால் நீண்டது. ஒவ்வொரு காய்க்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். மருதாம்பாள் காய்ச்சலோடு வீட்டில் கிடந்தாள். சபை முழுவதும் கண்ணை மூடியிருந்தது, இரண்டு பேரைத் தவிர. ஒருவர் ஹெர்பர்ட். இன்னொன்று சேவல்.

பூசணிக்கு நன்றி சொல்லும்போது சேவல் கயிற்றைக் கொத்தத் தொடங்கியது. இஞ்சிக்கு வரும்போது முடிச்சு தளர்ந்தது. குறுமிளகில் சேவல் விடுதலையாகி, பெஞ்சுகளுக்கு நடுவே, சபை மூப்பரைப் போல நிதானமாக நடந்து, கடைசிப் பெஞ்சண்டை வந்து நின்றது. ஹெர்பர்ட்டைப் பார்த்தது. ஹெர்பர்ட்டும் பார்த்தார். கையை நீட்டினால் பிடித்துவிடலாம். ஆனால் பிடிக்க எழுந்தால் குடை விழும்; குனிந்தால் பை சரியும்; அந்த நேரம் பார்த்து எவனாவது கை வைத்தால்? மேலும், இது தன்னை எழுப்புவதற்காக யாரோ அவிழ்த்துவிட்ட சேவலாகவும் இருக்கலாம். அவர் அசையவில்லை. சேவல் வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் புதருக்குள் மறைந்தது.

அது போன பிறகுதான் பெண்கள் பக்கத்தில் அம்சவேணியின் குழந்தை இருமியது. ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனாள். ஹெர்பர்ட் அதையும் பார்த்தார். ஒரு கை குழந்தையின் முதுகில், இன்னொரு கை முந்தானையில். சேவலுக்கு மூன்றாவது கை வேண்டும்.

ஏலத்தில் சேவலின் முறை வந்தது. சேவல் வரவில்லை.

சபை கண்ணை மூடியிருந்ததே தவிர காதை மூடவில்லை. யாரோ எழுந்துபோன சேலைச் சத்தம் பலருக்குக் கேட்டிருந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது உள்ளே இல்லாத ஒரே ஆள் யார் என்பதும் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அம்சவேணியின் வாசலில் ஓர் இறகு கண்டெடுக்கப்பட்டது. அது நல்லசாமியின் சேவலுடையதா, காட்டுக்கோழியுடையதா, கிழிந்த தலையணையுடையதா என்று விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

நல்லசாமி கத்தவில்லை. கத்தாத ஆள் சொன்னால் அது நடக்கும். “நான் சாமிக்குக் கொடுத்ததுங்க அது. என்னோடதுன்னா போனாப் போச்சுன்னு உட்டுருவேன். வார ஞாயித்துக்கெழமைக்குள்ள உண்மை தெரியோணும். இல்லீன்னா அந்தப் பொம்பளை மஸ்டருக்கு வர வேண்டாம், லைன் ஊட்டையும் காலி பண்ணிக்கச் சொல்லிப்போடுங்க” என்றார்.

வீட்டில் மருதாம்பாள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். “நீங்கதான் கண்ணை மூடாம காவல் காக்குற ஆளாச்சே. என்னா பாத்தீங்க?”

ஹெர்பர்ட் யோசித்தார். சேவல் தானாகப் போனது என்றால், போன வழியில் கடைசிப் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்பார்கள். பார்த்தவன் ஏன் பிடிக்கவில்லை என்பார்கள். சிலோன் மாமன் கச்சேரிக்கு நடந்த தூரம் ஞாபகம் வந்தது.

“நான் ஒண்ணும் பாக்கல. அன்னைக்குப் பாத்து கண்ணை மூடிட்டேன்” என்றார்.

மருதாம்பாள் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். “நீங்களா? கண்ணை மூடுனீங்களா?”

“ஏன், மூடக்கூடாதா? பண்டிகையாச்சே.”

காய்ச்சல்காரிக்கு அது மருந்தைவிட வேலை செய்தது. அன்றைக்கே வாசல்வரை நடந்தாள். எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். மறுநாள் உபதேசியார் பவுல்ராஜ் நாற்றுப் பண்ணைக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“எர்பட்டண்ணா! எல்லாங் கேள்விப்பட்டனுங்க. வார ஞாயித்துக்கெழமை நீங்க சாட்சி சொல்லியே ஆகோணும்.”

ஹெர்பர்ட்டின் கையிலிருந்த பூவாளி கவிழ்ந்தது. “என்னா கேள்விப்பட்டீங்க? எந்தக் கேசுக்குச் சாட்சி?”

“அன்னைக்கு ஜெபத்துல நடந்ததைச் சபைக்கு முன்னால சொல்லோணும், அவ்வளவுதானுங்க.”

“நான் ஒண்ணுமே பாக்கலீங்களே!”

“அதேதானுங்க! கண்ணை மூடுனா வெளியில என்ன தெரியும்? உள்ளாற தெரிஞ்சதைச் சொல்லுங்க.”

“யாரு சொன்னா ஒங்களுக்கு?”

“உங்க சம்சாரந்தான். சந்தோசத்துல அழுகுதுங்க பாவம். எத்தனை வருசத்து ஜெபமுங்க!”

ஹெர்பர்ட் மெதுவாக மண்ணில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லாமலிருக்க ஒரு பொய் சொன்னார். இப்போது அந்தப் பொய்யைச் சபை முன்னால் நின்று விளக்கச் சொல்கிறார்கள். உபதேசியார் இதை மனம் கனிந்த அடையாளமாக எடுத்துக்கொண்டு, ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுவதும் ஜனங்கள் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டில் குழம்பு கொதித்தாலும் பக்கத்து வீட்டார் மூக்கை நீட்டினார்கள். குழாயடியில் அம்சவேணி வந்தால் பேச்சு நின்றது. ஆனால் குடம் மட்டும் ஹெர்பர்ட்டின் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம், பனி லைன் வாசல்வரை இறங்கியிருந்தபோது, குடத்தோடு கூட ஒரு தகரப் பெட்டியையும் அம்சவேணி கொண்டுவந்தாள். தலையிலிருந்து இறக்கி ஹெர்பர்ட்டின் காலடியில் வைத்தாள்.

“அண்ணே, நாளைக்கு என்னாகுமோ தெரியல. திருச்சிப் பக்கம் முகாமுக்கே திரும்பிப் போயிரலாம்னு பாக்குறேன். புள்ளையையும் தூக்கிக்கிட்டு இதையும் தூக்க முடியாது. ஒங்க வீட்டுல இருக்கட்டும். ஒரு எடம் கெடைச்சதும் வந்து வாங்கிக்கிறேன்.”

ஹெர்பர்ட் பெட்டியைச் சுற்றி வந்தார். “பூட்டு எங்க?”

“பூட்டு இல்லண்ணே.”

“பூட்டு இல்லாத பெட்டியை அடுத்தவன் வீட்டுல வைப்பாங்களா? உள்ளுக்கு என்னா இருக்குன்னு நான் எப்படிக் கண்டேன்? நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா?”

அம்சவேணி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். “ஒங்களை விட ஒரு பூட்டாண்ணே? இத்தனை வருசம் ஜெபத்துலயே கண்ணை மூடாத ஆளு நீங்க. இந்த லயத்துல பொருளைக் குடுத்து வைக்க வேற யாரு இருக்கா?”

சொல்லிவிட்டுத் தண்ணீரை அடுக்களையில் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

ஹெர்பர்ட்டை ஊரில் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கையானவர் என்று சொன்னவர் யாரும் கிடையாது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டிக்கு எதிரே குந்தினார். காதை வைத்துக் கேட்டார். லேசாக அசைத்தார். மூக்கை மூடியோரத்தில் வைத்து மோந்தார். உள்ளே சேவல் இல்லை என்பது உலகத்திலேயே அவருக்குத்தான் திட்டமாகத் தெரியும். சேவல் வெளியே போனதைக் கண்ணால் கண்டவர் அவர். ஆனாலும் மோந்தார். தான் கண்டதையே தான் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“தெறந்து பாக்குறதுதானே” என்றாள் மருதாம்பாள் படுக்கையிலிருந்து. “பூட்டுத்தான் இல்லியே.”

ஹெர்பர்ட் மூடியில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “நம்ம பெட்டி என்னா நெறம்டி?” என்று கேட்டார்.

“பச்சை.”

“எவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில கெடக்குதோ” என்றார் ஹெர்பர்ட்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிரம்பி வழிந்தது. கண்ணை மூடிய ஹெர்பர்ட்டைக் காணப் பாதிப் பேரும், அம்சவேணியின் கதி என்னவென்று அறிய மீதிப் பேரும் வந்திருந்தார்கள். நல்லசாமி முன்நாற்காலியில். அம்சவேணி பக்கவாசலோரம், குழந்தையோடு, புறப்படத் தயாராக. மருதாம்பாள் கம்பளி போர்த்திக்கொண்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம எர்பட்டண்ணன் இன்னைக்குச் சாட்சி சொல்லுவாருங்க. கண்ணை மூடுன கதையை அவர் வாயாலயே கேப்போம்” என்றார் பவுல்ராஜ், முகமெல்லாம் பல்லாக.

ஹெர்பர்ட் எழுந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை.

“நான் கண்ணை மூடலீங்க.”

பவுல்ராஜின் பல் பாதி மறைந்தது.

“எங்க வீட்டுக்காரிக்கிட்ட மூடுனேன்னு சொன்னது பொய். அன்னைக்கும் தெறந்துதான் இருந்தேன். பூசணிக்காய்க்கு நீங்க நன்றி சொல்றப்ப சேவல் கவுத்தைக் கொத்திச்சு. மொளகுக்கு வர்றப்ப அவுந்துக்கிருச்சு. நடந்து எங்கிட்ட வந்து நின்னிச்சு. நானும் பாத்தேன், அதுவும் பாத்திச்சு. பொறவு வெளிய போயிருச்சு. அது போனதுக்கு அப்புறந்தான் இந்தப் புள்ள எந்திரிச்சுப் போச்சு. கையில கொழந்தை தவிர ஒண்ணும் இல்ல.”

நல்லசாமி நாற்காலியோடு திரும்பினார். “ஏனுங்க, கண்ணு முன்னால போன சேவலைப் பாத்துட்டுச் சும்மாவா உக்காந்திருந்தீங்க?”

“எந்திரிச்சா குடையை எவனாவது எடுத்துருவானோன்னு இருந்துட்டேங்க.”

முதலில் ஆர்மோனியக்காரர் சிரித்தார். அவரிடமிருந்து அது பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. வேறு யார் வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் சபை நம்பியிருக்காது. ஹெர்பர்ட் இந்தக் காரணத்தைச் சொன்னதும் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. நல்லசாமியே மீசையைத் தடவிக்கொண்டு, “எருப்பட்டி பொய் சொல்ல மாட்டாப்புடி. பொய் சொல்றதுன்னா இதை விட நல்லதாச் சொல்லியிருப்பாப்புடி” என்றார். பிறகு பக்கவாசலைப் பார்த்து, “அந்தப் பொண்ணை நாளைக்கு மஸ்டருக்கு வரச் சொல்லுங்க” என்றார்.

அம்சவேணி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஹெர்பர்ட் இன்னும் உட்காரவில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்குங்க. மண்டபத்துல ஸ்தோத்திரம் சொல்ல நின்ன எடத்துல பெட்டி போச்சு. அதுலேருந்து ஸ்தோத்திரத்தையே நிறுத்திட்டேன். இந்தப் புள்ள எங்க வீட்டுக்காரிக்குத் தெனமும் தண்ணி கொண்டாந்திச்சு. ஏன்னு கேட்டா சும்மான்னு சொல்லிச்சு. அது சும்மாதாங்க. நாந்தான் அதுல என்னமோ தேடிக்கிட்டுக் கெடந்தேன். திருடி இல்லைன்னு தெரிஞ்சும் ஒரு வாரம் வாயைத் தெறக்கல. அதுக்கு ஆண்டவர் என்னை மன்னிக்கணும். அந்தப் புள்ளயும் மன்னிக்கணும்.” கொஞ்சம் நின்று, “சாட்சின்னா இதுதானுங்களா?” என்று பவுல்ராஜைக் கேட்டார்.

“இதேதானுங்க” என்றார் பவுல்ராஜ்.

ஆராதனை முடிந்ததும் ஹெர்பர்ட் தகரப் பெட்டியைத் தன் தலையிலேயே தூக்கிக்கொண்டு போய் அம்சவேணியின் வீட்டில் இறக்கினார். “எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்க” என்றார். அவள் திறக்காமலே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஹெர்பர்ட் தன் வீட்டின் இரண்டு பூட்டில் ஒன்றைக் கழற்றி வந்து அவளுக்குக் கொடுத்தார். கடைக்காரனைக் கவனிப்பதற்கு இருந்த பூட்டு அது. மறுநாளிலிருந்து மருதாம்பாளுக்குக் காய்ச்சல் இல்லை; குழாயடிக்கு இரண்டு பெண்களும் சேர்ந்தே போனார்கள்.

சேவல் கடைசிவரை அகப்படவில்லை. ஓவேலிப் பக்கத்துக் காட்டில் காட்டுக்கோழிகளோடு அதைக் கண்டதாக விறகு பொறுக்கப் போனவர்கள் சொன்னார்கள். பாட்டன் பூட்டன் இருந்த இடத்துக்கே போயிருக்கிறது. யாரும் ஒப்பந்தம் போடாமல், கப்பலேறாமல், தாயகம் திரும்பிய ஒரே பேர்வழி அதுதான். இந்தச் செய்தியை ஹெர்பர்ட் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் மழை. வாசல் சுவரில் ஆணிகள் அடித்து வைத்திருப்பார்கள், சபையார் நனைந்த குடைகளை மாட்டுவதற்கு. உள்ளே பாட்டு முடிந்து, “ஜெபிப்போமுங்க” என்று பவுல்ராஜ் சொன்னதும் எல்லாத் தலைகளும் கவிழ்ந்தன. ஆயுசில் ஒருநாளும் ஜெபத்தில் கண் திறக்காத மருதாம்பாள், அன்றைக்கு மட்டும் ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள்.

ஹெர்பர்ட்டின் முழங்கால்களுக்கு நடுவே குடை இல்லை. பை தரையில் கிடந்தது. முகத்தில் சோப்பு நுரை வழிகிற பிள்ளை மாதிரி, கண் இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மருதாம்பாள் தன் கண்ணை மூடிக்கொண்டாள். ஜெபம் முடிந்தது. சபை ஆமென் சொல்லியது. எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிய பிறகு, கதவோரமிருந்து, தாமதமாக, ஒரு தனி ஆமென் வந்தது.